இலவச இணைப்பாக வந்த துப்பாக்கி

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்று கடை வாசலில் பலகை வைத்திருப்பார்கள். அப்படி வாங்கி வந்த இலவசப் பொருளின் பெயர் அடுத்த மாதம் யாருக்காவது நினைவில் இருக்குமா? காசு கொடுத்து வாங்கிய பொருள்தான் நினைவில் நிற்கும். ஆனால் அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் கதை தலைகீழாக நடந்தது. இலவசமாகக் கொடுத்த பொருள் விற்பனைப் பொருளையே விழுங்கிவிட்டு, கடைசியில் கம்பெனியின் பெயர்ப்பலகையையும் மாற்றிவிட்டது. விற்ற பொருள் காற்றாலை. இலவசமாகக் கொடுத்தது, சிறுவர்கள் சுட்டு விளையாடும் காற்றுத் துப்பாக்கி.

மிச்சிகன் மாநிலத்தில் பிளைமவுத் என்று ஒரு சிற்றூர். கிளாரன்ஸ் ஹாமில்டன் என்ற கடிகாரம் பழுதுபார்க்கும் மனிதர் அங்கே இருந்தார். கடிகாரத்தோடு நிற்காமல், கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் இரும்புக் காற்றாலை ஒன்றையும் வடிவமைத்தார். அதைச் செய்து விற்பதற்காக 1882-இல் பிளைமவுத் அயர்ன் விண்ட்மில் கம்பெனி தொடங்கப்பட்டது. விற்பனை மந்தம். 1888 ஜனவரியில் இயக்குநர்கள் கூடி, கம்பெனியை இழுத்து மூடிவிடலாமா என்று வாக்கெடுப்பே நடத்தினார்கள். மேலாளர் லூயிஸ் காஸ் ஹஃப் மூடக்கூடாது என்று நின்றார். ஒரே ஒரு வாக்கில் கம்பெனி பிழைத்தது.

அதே ஆண்டு ஹாமில்டன் உலோகத்தில் செய்த ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஹஃப்பிடம் கொடுத்தார். சுட்டுப் பார்த்த ஹஃப், இது ஒரு "டெய்சி" என்று சொன்னாராம். டெய்சி பூவின் பெயர்தான். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சு வழக்கில் "அட்டகாசம்" என்று பொருள். பெயர் ஒட்டிக்கொண்டது. (இந்தக் கதையைச் சொல்வது கம்பெனிக்காரர்கள்தான். ஹஃப்பின் பேரன் காஸ் ஹஃப் 1976-இல் கம்பெனி வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். குடும்பக் கதை என்றால் கொஞ்சம் மெருகு ஏறத்தான் செய்யும்.)

காற்றாலை வாங்கும் விவசாயிக்கு ஒரு துப்பாக்கி இலவசம் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். சீக்கிரமே துப்பாக்கிக்கு இருந்த கிராக்கி காற்றாலைக்கு இல்லை என்பது தெரிந்துபோனது. காற்றாலை வேலை நின்றது. 1895 ஜனவரியில் கம்பெனியின் பெயர் டெய்சி மேனுஃபேக்சரிங் என்று மாறியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஊரில் முதலில் காற்றுத் துப்பாக்கி செய்தது டெய்சி அல்ல. மரத்தில் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்த மார்க்கம் என்பவரின் கம்பெனி ஏற்கெனவே மரத்தாலான துப்பாக்கிகளை விற்றுக்கொண்டிருந்தது. "சேலஞ்சர்", "சிகாகோ" என்று பெயர்கள். ஒரே சிற்றூரில் இரண்டு போட்டிக் கம்பெனிகள்! கடைசியில் 1916-இல் மார்க்கத்தை டெய்சியே வாங்கிவிட்டது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்காக இன்னொரு துணுக்கு. 1903-இல் ஹென்றி ஃபோர்டு தன் மோட்டார் கம்பெனிக்கு முதலீடு தேடியபோது பணம் போட்ட பன்னிரண்டு பேரில் டெய்சியின் சார்லஸ் பென்னட்டும் ஒருவர். 5,000 டாலர், 50 பங்குகள். 1907-இல் விற்றுவிட்டார். அதே அளவு, ஆளுக்கு ஐம்பது பங்கோடு ஆரம்பித்த டாட்ஜ் சகோதரர்கள் 1919 வரை கையில் வைத்திருந்து, இருவருமாக 2.5 கோடி டாலருக்கு விற்றார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டில் பென்னட் எதை இழந்தார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

பழைய டெய்சி துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்தால் முதலில் குறி பார்ப்பதில்லை. புரட்டிப் பார்க்கிறார்கள். லீவர் எந்த உலோகம்? கட்டை மரமா பிளாஸ்டிக்கா? பெயரோடு பொறித்திருக்கும் ஊர் எது? 1958-இல் கம்பெனி பிளைமவுத்தைவிட்டு ஆர்கன்சா மாநிலத்தில் இருக்கும் ராஜர்ஸ் என்ற ஊருக்குப் போனது. "பிளைமவுத்" என்று பொறித்த துப்பாக்கி அதற்கு முந்தியது, "ராஜர்ஸ்" என்றால் பிந்தியது. முதல் மாடலில் மரக்கட்டையே கிடையாது. கம்பியை வளைத்துத் தோளில் வைக்கும் அடிப்பகுதியாக ஆக்கியிருந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கே செலவைக் குறைத்தார்கள், எங்கே இரும்பு கிடைக்கவில்லை, எப்போது வியாபாரம் சூடு பிடித்தது என்று எல்லாமே அந்த உடம்பில் எழுதியிருக்கும். கம்பெனியின் பழைய பேரேட்டைப் படிப்பதுபோல இவர்கள் துப்பாக்கியைப் படிக்கிறார்கள்.

குண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "பிபி" என்பது முதலில் வேட்டைத் துப்பாக்கிக்கான ஈய ரவையின் ஓர் அளவு. பி என்ற அளவுக்கும் பிபிபி என்ற அளவுக்கும் இடைப்பட்டது, விட்டம் 0.18 அங்குலம். பொம்மைத் துப்பாக்கிக்காக யாரும் தனியாகக் குண்டு செய்யவில்லை. கடையில் கிடைத்த ரவையைப் போட்டுச் சுட்டார்கள். பிறகு இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் டெய்சி தன் துப்பாக்கிகளுக்கென்று 0.175 அங்குலக் குண்டைக் கொண்டுவந்தது. குண்டு சிறுத்தால் ஈயம் மிச்சம், எடை குறைவதால் வேகமும் கூடும். அதோடு குண்டு வியாபாரமும் கம்பெனியின் கைக்கு வந்துவிடும். துப்பாக்கியை ஒரு முறைதான் வாங்குவான் பையன், குண்டை வாரா வாரம் வாங்குவான் அல்லவா?

1920-களில் இன்னொரு மாற்றம். மினியாபொலிஸ் நகரத்துப் பையன்கள் சும்மா இருக்கவில்லை. அங்கே இருந்த தொழிற்சாலை ஒன்றில் கழித்துப் போட்ட பால்ரஸ் குண்டுகளைப் பொறுக்கிவந்து துப்பாக்கியில் போட்டுச் சுட்டார்கள். ஈயத்துக்காகச் செய்த குழல் எஃகைத் தாங்குமா? கெட்டுப்போன துப்பாக்கிகள் கம்பெனிக்குத் திரும்பி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. டெய்சி பையன்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. குழலை மாற்றி, எஃகுக் குண்டையே தானும் விற்க ஆரம்பித்தது.

இதனால் இன்றைக்குச் சேகரிப்பவர்களுக்கு ஒரு தலைவலி. நூறு வருடத்துக்கு முந்தைய துப்பாக்கியில் இன்றைய எஃகுக் குண்டைப் போட்டால், குழலைச் சாய்த்ததும் உருண்டு வெளியே விழுந்துவிடும். அதற்கென்று பழைய அளவில் ஈயக் குண்டு தேடவேண்டும். துப்பாக்கி கிடைத்தாலும் தீனி கிடைப்பது கஷ்டம்!

பொழுதுபோக்காளர்கள் அதிகம் மதிக்கும் மாடல் எது என்று கேட்டால் பலரும் 25-ஆம் எண்ணைச் சொல்வார்கள். ஃப்ரெட் லெஃபீவர் வடிவமைத்தது, 1914-இல் விற்பனைக்கு வந்தது. கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்து ஏற்றும் வகை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாரிப்பில் இருந்தது. ஆனால் புகழ் முழுவதையும் அள்ளிக்கொண்டு போனது வேறொன்று. அதுதான் ரெட் ரைடர்.

ரெட் ரைடர் என்பது ஃப்ரெட் ஹார்மன் வரைந்த படக்கதையின் கௌபாய் நாயகன். 1938-இல் படக்கதை தொடங்கியது. பெயரைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கி, 1940-இல் 2.95 டாலர் விலையில் டெய்சி துப்பாக்கியை இறக்கியது. படக்கதைப் புத்தகங்களில் விளம்பரம். படிக்கிற பையனே வாடிக்கையாளர், அப்பாவை நச்சரிக்கும் விற்பனையாளரும் அவனே! ஆரம்பத்தில் வந்தவற்றில் செப்புப் பூச்சுப் பட்டைகளும் இரும்பு லீவரும் இருந்தன. 1942-இல் போருக்காக உலோகம் போனதும் தயாரிப்பு நின்றது. போர் முடிந்து திரும்பி வந்தபோது லீவர் அலுமினியமாகியிருந்தது. ஐம்பதுகளில் மரமும் போய் பிளாஸ்டிக் வந்தது. இன்று செப்புப் பட்டையும் இரும்பு லீவரும் உள்ள ஒன்று கிடைத்தால் சேகரிப்பவருக்குத் தீபாவளிதான்.

ஏமாறுவதற்கும் இதில் இடம் உண்டு. பிற்காலத்தில் டெய்சி தயாரித்த ரெட் ரைடருக்கு "மாடல் 1938" என்று பெயர். அது ஆண்டு அல்ல, மாடல் எண். ஆனால் "1938-ஆம் ஆண்டுத் துப்பாக்கி, தாத்தா காலத்தது" என்று ஏலத்தில் விற்பவர்களும் உண்டு, நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. முதல் ரெட் ரைடரே 1940-இல்தான் வந்தது என்று தெரிந்தவரின் காசு தப்பித்தது.

1983-இல் வந்த "எ கிறிஸ்மஸ் ஸ்டோரி" என்ற படத்தில் ஒரு சிறுவன் கிறிஸ்துமஸ் பரிசாக இந்தத் துப்பாக்கியைக் கேட்டுக் கேட்டு அலைவான். பெரியவர்கள் எல்லோரும் கண்ணைக் கெடுத்துக்கொள்வாய் என்று ஒரே பாட்டாகப் பாடுவார்கள். அந்தத் துப்பாக்கிக் கட்டையில் ஒரு திசைகாட்டியும் சூரியக் கடிகாரமும் இருக்கும். உண்மையில் அவை ரெட் ரைடரில் இருந்ததே இல்லை. 1930-களில் வந்த பக் ஜோன்ஸ் மாடலில்தான் இருந்தன. கதை எழுதிய ஜீன் ஷெப்பர்டின் நினைவில் இரண்டும் கலந்துவிட்டன போலும். டெய்சி என்ன செய்தது தெரியுமா? படத்துக்காகத் திசைகாட்டி வைத்துச் செய்து கொடுத்தது. பிறகு அதையே சிறப்புப் பதிப்பாகக் கடையிலும் விற்றது. தவறான ஞாபகத்தையும் சரக்காக்கத் தெரிந்த கம்பெனி!

கண் விஷயம் மட்டும் வேடிக்கை அல்ல. 2001-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் டெய்சி மீது வழக்குத் தொடுத்தது. ரெட் ரைடர் மீது அல்ல, பலமுறை அழுத்திக் காற்றேற்றும் சக்தி கூடிய இரண்டு மாடல்கள் மீது. உள்ளே குண்டு மாட்டிக்கொண்டு, துப்பாக்கி காலி என்று நினைக்க வைக்கிறது என்பது குற்றச்சாட்டு. குறைந்தது 15 மரணங்கள், 171 கடுமையான காயங்கள் என்று ஆணையம் சொன்னது. பெரும்பாலும் சிறுவர்கள். சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளைத் திரும்பப் பெறவேண்டும் என்று கேட்டது. 2003-இல் சமரசம். திரும்பப் பெறவில்லை. எச்சரிக்கை வாசகங்களும் 15 லட்சம் டாலர் பாதுகாப்புப் பிரசாரமும் போதும் என்று முடிந்தது. விளையாட்டுச் சாமான் என்ற பெயரில் நூறு வருடமாகப் பையன்களுக்கு விற்ற கம்பெனிக்கு இது மலிவான முடிவு என்றுதான் சொல்லவேண்டும்.

பழைய லீவர் துப்பாக்கியின் வேகம் குறைவு. ரெட் ரைடர் குண்டு நொடிக்குச் சுமார் 280 அடிதான் போகும். ஆனாலும் எஃகுக் குண்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈயம் மோதினால் நசுங்கும், எஃகு துள்ளித் திரும்பி வரும். அதனால் எழுபது வயதுச் சேகரிப்பாளரும் வீட்டு நிலவறையில் சுடுவதற்கு முன் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார். இலக்கு பெரும்பாலும் பழைய துணி திணித்த அட்டைப்பெட்டி.

சுடாமல் கண்ணாடி அலமாரியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கீறல் விழுந்தால் விலை போய்விடும் என்று பயம். சுடுகிறவர்களுக்கு அது பிடிப்பதில்லை. பரண்மேல் கிடந்த துப்பாக்கியை வாங்கிவந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை எண்ணெய் விடுவது. உள்ளே பிஸ்டனின் தலையில் ஒரு தோல் வாஷர் இருக்கிறது. சைக்கிள் கடைக் கைப்பம்பில் இருக்குமே, கிட்டத்தட்ட அதேதான். பல வருடம் காய்ந்தால் சுருங்கி, காற்றைப் பிடிக்காது. விசையை இழுத்தால் ஸ்பிரிங் சத்தம் மட்டும் வரும், குண்டு சோம்பலாகக் காலடியில் விழும். துளை வழியாகப் பத்து இருபது சொட்டு எண்ணெய் விட்டு, நிமிர்த்திச் சாத்தி, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தோல் ஊறிக்கொள்கிறது. மறுநாள் முதல் இரண்டு மூன்று வெடிக்குக் குழல் வாயில் எண்ணெய்ப் புகை தெரியும். நாலாவது குண்டு அட்டைப்பெட்டியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது.