அலைவரிசையின் அகலமும் அயல்வீட்டாரும்

கடாரம் என்று நம் முன்னோர் அழைத்த கெடாவில், தமிழ்த் தொழிலாளர் பெருகி வாழ்ந்தவை குவாலா மூடா, கூலிம் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களே. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், மலாயா வானொலியைப் பலரும் கூடிக் கேட்பதற்கென அரசினர் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுப் பெட்டிகளை அமைத்தனர். பல குடும்பத்துக்கு ஒரு பெட்டி. வான்வெளியை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்ற வழக்கு லயத்து மக்களுக்கு எழவில்லை. இன்று வீட்டுக்கொரு வைஃபை ரூட்டர் வந்துவிட்டபடியால், அவ்வழக்கு அவர்தம் பேரப்பிள்ளைகளின் வாசலில் வந்து நிற்கிறது.

வழக்கு புதியதன்று. வானொலி நிலையம் ஒவ்வொன்றும் வான்வெளியில் ஓர் அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. மத்திய அலையில் 540 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை, பத்துப் பத்தாக அளந்தால் 107 இடங்கள் கிடைக்கும். 1975ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய மாநாடு, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒன்பது ஒன்பதாக அளக்க முடிவு செய்தது. 1978 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 531 முதல் 1602 வரை இப்போது 120 இடங்கள். இதற்கு விலையும் உண்டு. இடம் குறுகினால் ஒலியின் உச்சங்கள் மழுங்கும். செய்தி கேட்பவர்க்கு அது பெரிதன்று. நாதஸ்வரம் கேட்பவர்தாம் முகஞ்சுளிப்பார். ஆயினும் நிலையங்கள் ஒன்றையொன்று மிதியாமலிருக்க, அளந்து கொடுக்கும் அதிகாரி ஒருவர் இருந்தார் என்பதே இதில் முக்கியம்.

வைஃபையில் அவ்வதிகாரி இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை, 1947இல் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் தொழில், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களைச் சேர்ந்தது. நம் அடுப்படியிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு இன்றும் அங்கேதான் குடியிருக்கிறது. 1985இல் அமெரிக்க அரசினர் அவ்விடத்தில் உரிமமின்றியே செய்தி அனுப்ப இசைந்தனர்; 1997இல் வைஃபையின் முதல் விதிநூல் வெளிவந்தது. ஆக, அளந்து கொடுக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவரோ ரூட்டரை மாட்டிய நாளோடு அதனை மறந்துவிடுகிறார்.

அந்தப் பட்டையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். இருபது மெகாஹெர்ட்ஸ் வீதம் வைத்தால் 1, 6, 11 என்னும் மூன்று அலைவரிசைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். 2009ஆம் ஆண்டின் விதிநூல் நாற்பதுக்கு இடந்தந்தது. நாற்பதைத் திறந்த வீடு ஏறக்குறையப் பாதிப் பட்டையை விழுங்கிவிடும். அக்கம்பக்கத்து அலை காதில் விழுந்தால் இருபதுக்குச் சுருங்கிவிட வேண்டுமென்று விதி உண்டு. எல்லாப் பெட்டிகளும் அதற்கு அடங்குவதில்லை. மேலும், அகலம் இருமடங்கானால் உள்ளே நுழையும் இரைச்சலும் இருமடங்காகும். செங்கற்சுவர் தாண்டிப் பின்னறைக்குச் செல்லும் அலை அவ்வளவுக்கு மெலியும். அகலம் கூடினால் வேகமும் கூடும் என்னும் விளம்பரம் பொய்யன்று, அயலார் இல்லாத இடத்தில்.

நிற்க. தோட்டங்களை விட்டு வந்தோர் பலர் இன்று சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீடுகளில் இருக்கின்றனர். லயத்தைப் போலவே இங்கும் ஒரு சுவருக்கு இரு குடும்பம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் பாடங்கள் வீட்டுக்குள் வந்தபோது, ஒரே வரிசையிலுள்ள பெட்டிகள் பலவும் ஒரே நேரத்தில் பேசின. ஆசிரியர் குரல் நடுவே அறுபடுவதற்கு இணையக் கம்பெனியே காரணமென்று எண்ணினோர் உண்டு. சில சமயம் காரணம், நாற்பதில் வைக்கப்பட்ட இரண்டு மூன்று ரூட்டர்களாகவும் இருக்கலாம்.

ஆகவே தாமான் வீட்டிலும் அடுக்குமாடியிலும் 2.4இல் இருபதே தக்கது. 1, 6, 11இல் நெரிசல் குறைந்ததைத் தெரிந்துகொள்ளலாம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் விரிவானது. அங்கே எண்பது பெரும்பாலும் பொருந்தும், நெரிசலானால் நாற்பது. நூற்றறுபது என்பது ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளும் இடத்தையும் சேர்த்தே பிடிக்கும். ரேடார் அலை தென்பட்டால் ரூட்டர் அவ்விடத்தை விட்டு விலகியாக வேண்டும், பேச்சும் அப்போது அறுபடும். மரங்களுக்கு நடுவே தனித்து நிற்கும் பழைய தோட்டத்து பங்களாவில் குடியிருப்பவர் நாற்பதைத் திறந்து பார்க்கலாம். ஆட்சேபிக்க அங்கு அயலார் இல்லை.