மக்கள் விசாரணை: ஊர்க்கணக்கு ஊர்முன் வந்த வரலாறு

1994 டிசம்பர் 2ஆம் நாள் ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற சிற்றூரில் மக்கள் கூடினர். அவ்வூரில் நடந்த அரசு வேலைகளின் கணக்கு அங்கே உரக்க வாசிக்கப்பட்டது. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார், எந்தப் பணிக்கு எவ்வளவு பொருள் வந்தது என ஏடுகள் சொன்னதை ஊரார் முதன்முறையாகக் கேட்டனர். இந்தியில் 'ஜன் சுன்வாய்' எனப்படும் இந்தக் கூட்டமுறை தமிழில் மக்கள் விசாரணை எனப்படுகிறது. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உருவான வழியில் இது முக்கியமான திருப்பம். ஊரைப் பற்றிய தரவு ஊராருக்கு எப்படிக் கிடைக்க வேண்டும் என்ற கேள்விக்கும் இதில் ஒரு விடை உள்ளது.

பின்னணி

சென்னையில் பிறந்த அருணா ராய் 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து 1975இல் விலகியவர். 1987இல் அவரும் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தில் உள்ள தேவ்துங்ரி சிற்றூரில் குடியேறினர். அப்பகுதித் தொழிலாளர்களையும் சிறு விவசாயிகளையும் சேர்த்து 1990 மே 1இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது.

மழை குறைந்த பகுதி அது. சிறு நிலங்களின் விளைச்சல் குடும்பத்துக்குப் போதாது. பஞ்ச காலங்களில் அரசு நடத்தும் நிவாரண வேலைகளே பலருக்குப் பிழைப்பு. குளம் வெட்டுதல், சாலை போடுதல், தடுப்பணை கட்டுதல் போன்ற அவ்வேலைகளில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வருவதில்லை. கேட்டவர்களுக்கு, "உங்கள் குழு செய்த வேலையின் அளவு குறைவு, அதனால் கூலியும் குறைவு" என்று பதில் வந்தது. அளவு எங்கே எழுதப்பட்டுள்ளது என்று கேட்டால், அது அரசு ஆவணம், காட்ட முடியாது என்றார்கள். 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. தொழிலாளி சொல்வது வெறும் வாய்ப்பேச்சு, ஏட்டில் இருப்பதே உண்மை என்ற நிலையில், கூலிச் சண்டை ஏட்டைப் பார்க்கும் சண்டையாக மாறியது.

மூன்று வகை ஏடுகள்

ஊராட்சி வேலைகளின் கணக்கு பெரும்பாலும் மூன்று வகை ஏடுகளில் அடங்கும். முதலாவது மஸ்டர் ரோல். வேலைக்கு வந்தவர் பெயர், வந்த நாட்கள், பெற்ற கூலி, கையொப்பம் அல்லது கைநாட்டு ஆகியவை இதில் இருக்கும். இரண்டாவது, சிமெண்டு, கல், மணல், வண்டி வாடகை ஆகியவற்றுக்கான பில்களும் ரசீதுகளும். மூன்றாவது, முடிந்த வேலையின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றைப் பொறியாளர் குறிக்கும் அளவுப் புத்தகம்.

மேலிருந்து தணிக்கை செய்பவருக்கு இவை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும். தாள்கள் தம்முள் ஒத்துப்போவதால் பொய் வெளியே தெரியாது. ஊரார் நிலை வேறு. இறந்துபோனவர் பெயரும் வெளியூருக்குப் பிழைக்கப் போனவர் பெயரும் மஸ்டர் ரோலில் இருந்தால் அண்டை வீட்டாருக்கு உடனே தெரியும். இத்தனை வண்டி கல் வந்ததா என்பதை அங்கே வேலை செய்தவர் சொல்வார். கட்டடம் முடிந்ததா என்பதை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். ஏட்டைச் சரிபார்க்கத் தேவையான அறிவு ஊராரிடம் முன்பே இருந்தது. ஏடுதான் அவர்களிடம் இல்லை.

விசாரணை நடந்த முறை

கோட் கிரானாவில் தொடங்கி 1995 ஏப்ரல் வரை பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களிலும் விசாரணைகள் நடந்தன. கூட்டத்துக்கு முன்பே பெரும்பகுதி வேலை நடந்துவிடும். கிடைத்த ஏடுகளைப் படியெடுத்து, அமைப்பினர் வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு பெயரையும் உரியவரிடம் சரிபார்ப்பார்கள். கூட்ட நாளில் ஏட்டில் உள்ளதைப் பேச்சுமொழியில் வாசிப்பார்கள். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து, தான் அந்த வேலைக்குப் போனதையோ போகாததையோ சபையில் சொல்வார். அரசு அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்கள் தரப்பைச் சொல்ல அழைக்கப்பட்டனர். வழக்கறிஞர், பத்திரிகையாளர் போன்ற வெளியூரார் நடுவராக இருந்தனர்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஊர்களில் இந்த முறை பலன் தந்ததற்குக் காரணம் எளியது. அலுவலக அலமாரியில் இருக்கும் தாளை ஒருவர் தனியாகப் படித்தால் அது அவருக்கு மட்டும் தெரிந்த செய்தி. சபையில் வாசித்தால் அது ஊருக்கே தெரிந்த செய்தி, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேலை செய்யாதவர் பெயரில் எழுதப்பட்ட கூலியும், முடியாமலே முடிந்ததாகக் காட்டப்பட்ட பணிகளும் இப்படி வெளிவந்தன. ஏடுகளைக் கொடுக்கக் கூடாது என்று கிராம சேவகர்கள் போராட்டம் நடத்தியதும் உண்டு.

பியாவர் முதல் ஜெய்ப்பூர் வரை

1995 ஏப்ரல் 5ஆம் நாள் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், ஊராட்சி வேலைகளின் ஆவண நகல்களை மக்கள் பெறலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் அது நடைமுறைக்கு வரவில்லை. 1996 ஏப்ரல் 6ஆம் நாள் பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. ஆவணத்தைப் பார்க்கலாம், கையால் குறிப்பெடுக்கலாம், ஆனால் ஒளிநகல் தர முடியாது என்ற அரசின் நிலையை மக்கள் ஏற்கவில்லை. கையால் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு யார்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். தர்ணா 40 நாள் நடந்தது. 'நம் பணம், நம் கணக்கு' என்ற பொருள் தரும் இந்தி முழக்கம் அங்கிருந்து பரவியது.

அந்தக் காலத்தில் ஒரு பெண் தொழிலாளி சொன்ன விளக்கம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. பிள்ளையிடம் 10 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறோம். அரசு எங்கள் பெயரில் கோடிக்கணக்கில் செலவழிக்கும்போது கேட்க வேண்டாமா என்பதே அதன் சாரம்.

1997இல் ஜெய்ப்பூரில் மீண்டும் ஒரு தர்ணா ஐம்பது நாட்களுக்கு மேல் நீண்டது. அதன் முடிவில் துணை முதலமைச்சர் ஒரு வியப்பான செய்தியைச் சொன்னார். ஊராட்சி ஆவணங்களின் ஒளிநகலைப் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம். அந்த உரிமைக்காகத் தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை. வெளியிடுவது வேறு, மக்களிடம் சேர்ப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சட்டங்கள்

தகவல் உரிமைக்கென 1997இல் முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. ஆனால் விலக்குகள் ஏராளமாக இருந்ததால் அச்சட்டம் பெரிதாகப் பயன்படவில்லை. ராஜஸ்தான் சட்டம் 2000இல் நிறைவேறியது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு மாணவர்கள் கவனிக்க வேண்டியது. யாரும் மனுப் போடாமலே அலுவலகங்கள் தகவலைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது அது. உள்ளூர் மொழியையும் செலவையும் கருத்தில் கொள்ள வேண்டும்; அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் போன்ற வழிகளில் மக்களிடம் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை நடத்தவும், மஸ்டர் ரோல், பில், அளவுப் புத்தகம் ஆகியவற்றை அதற்குத் தரவும் வழிசெய்தது. கோட் கிரானாவில் வாசிக்கப்பட்ட அதே வகை ஏடுகள் இப்போது சட்டத்திலேயே இடம்பெற்றன.

சுவரும் திரையும்

ராஜஸ்தான் ஊராட்சிகளில் வேலை பெற்றவர் பெயர்களையும் செலவுக் கணக்கையும் கட்டடச் சுவர்களில் வண்ணத்தில் எழுதிவைக்கும் பழக்கம் வந்தது. தெருவில் போகிறவர் எவரிடமும் அனுமதி கேட்காமல் படிக்கலாம். 2019 செப்டம்பரில் அம்மாநில அரசு ஜன் சூச்னா என்ற இணையதளத்தைத் தொடங்கியது. ரேஷன், ஓய்வூதியம், ஊரக வேலை போன்றவற்றின் தகவலை ஊர்வாரியாக அதில் பார்க்கலாம். மாவட்ட மொத்தம் எவ்வளவு என்பது ஆட்சியருக்குப் பயன்படும். என் தெருவில் யாருக்கு ஓய்வூதியம் வருகிறது என்பது என் தெருவுக்குப் பயன்படும். ஆனால் கைபேசியும் இணைய இணைப்பும் இல்லாதவருக்குத் திரை மட்டும் போதாது. அவருக்குச் சுவரும் சபையும் இன்னும் தேவை.

இன்றைய விவாதம்

பெயர்களை வெளியிடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. நோய், கடன், சாதி போன்ற விவரங்கள் ஊர் முழுதும் தெரிவது ஒருவருக்குத் தீங்காகலாம். 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கான விலக்கை விரிவாக்க வகைசெய்தது. அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்போர் இதை வரவேற்கின்றனர். பெயர் இல்லாத பட்டியலை எந்த ஊராலும் சரிபார்க்க முடியாது என்று தகவல் உரிமை இயக்கத்தினர் எதிர்க்கின்றனர்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மஸ்டர் ரோலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கூட்டுத்தொகை மட்டுமே. "இத்தனை பேர் வேலை செய்தனர்" என்று வாசித்திருந்தால் கோட் கிரானாவில் எழுந்து நின்று மறுக்க யாராலும் முடிந்திருக்காது. தன் பெயர் வாசிக்கப்பட்டதால்தான் ஒருவரால், "அந்த வேலைக்கு நான் போகவே இல்லை" என்று சொல்ல முடிந்தது.