கொழும்புல மணி 9, இங்க என்ன?

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். வருஷம் 2003. கொழும்புல காலை மணி 9. அப்போ எங்க ஊர் மாப்பிள்ளையூரணில மணி என்ன?

"இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தானே, 9"னு சொன்னா தப்பு. விடை 8:30. அதே நிமிஷம் கிளிநொச்சில? அது இலங்கைக்குள்ளதான் இருக்கு, ஆனா அங்கயும் 8:30.

முதல்ல கணக்கு போடுற முறையைப் பார்ப்போம். எந்த ஊர் நேரத்தை மாத்தணும்னாலும் நடுவுல யூடிசிங்கிற பொது நேரத்துக்கு வந்துட்டுப் போகணும். 2003-ல கொழும்பு யூடிசியைவிட 6 மணி நேரம் முன்னாடி. 9-ல 6 போனா 3. நம்ம இந்திய நேரம் 5:30 முன்னாடி. 3-ஓட அதைக் கூட்டினா 8:30. அவ்வளவுதான். கூட்டல் கழித்தல் சுலபம். அந்த '6' எங்கிருந்து வந்துச்சுங்கிறதுதான் கதை.

1906 ஜனவரி 1-ல இந்தியாவுக்கு 5:30 நேரம் வந்துச்சு. அதுவரைக்கும் இந்திய ரயில்வே ஓடினது சென்னை வானாய்வகத்தோட நேரத்துல, அதாவது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முன்னாடி. இலங்கையும் 1906-லயே 5:30-க்கு மாறிடுச்சு. அதே வருஷம்தான் வ.உ.சி. தூத்துக்குடில சுதேசி கப்பல் கம்பெனியை ஆரம்பிச்சார். கப்பல் கிளம்பின கரையிலயும் போய்ச் சேர்ந்த கரையிலயும் கடிகாரம் ஒரே மணி காட்டுச்சு.

இது குலைஞ்சது 1996-ல. இலங்கைல மழை பொய்ச்சு, நீர்மின் அணைகள் வத்தி, கடுமையான மின்வெட்டு. சாயங்கால வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கலாம்னு மே 25-ம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. அக்டோபர் 26-ல அரை மணி பின்னாடி வச்சாங்க. மிச்ச அரை மணி அப்படியே நின்னுருச்சு. 2006 ஏப்ரல் 15-லதான் திரும்ப 5:30.

ஆனா விடுதலைப் புலிகளோட கட்டுப்பாட்டுல இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏத்துக்கல. பழைய 5:30-லயே இருந்தாங்க. 2002 போர்நிறுத்தத்துக்கு அப்புறம் ஏ9 சாலை திறந்தப்போ, ஓமந்தை சோதனைச் சாவடியைத் தாண்டி வடக்கே போனா வாட்சை அரை மணி பின்னாடி வைக்கணும். ஒரே நாடு, ஒரே ரோடு, ரெண்டு மணி.

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். உலகத்துல பெரும்பாலான சர்வர்களும் போன்களும் நம்பி இருக்குறது ஒரே ஒரு டைம்ஸோன் தரவுத்தளத்தை. அதுல 'ஏசியா/கொழும்பு'னு ஒரு பதிவு இருக்கு. 1996, 2006 மாற்றமெல்லாம் சரியா இருக்கும். வன்னிக்குன்னு தனிப் பதிவு கிடையாது.

அதனால என்னன்னு கேப்பீங்க. 2003-ல கிளிநொச்சில ஒரு குழந்தை பிறக்குது. வீட்டுக் கடிகாரம் காலை 8:30 காட்டுது, அம்மா அதையே எழுதி வைக்கிறாங்க. இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு ஜாதகம் பார்க்க ஆப்ல ஊர், தேதி, நேரம் போட்டா, அது கொழும்புக் கணக்குல 6-ஐக் கழிச்சு யூடிசி 2:30-னு எடுக்கும். உண்மைல பிறந்தது யூடிசி 3 மணிக்கு. அரை மணி பிசகு. ஒரு லக்னம் சுமார் ரெண்டு மணி நேரம்தான், எல்லைக்குப் பக்கத்துல இருந்தா லக்னமே மாறிடும். ஜாதகத்துல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அம்மா சரியா எழுதின நேரத்தை மெஷின் தப்பாப் படிக்குது.

கோட் எழுதுறவங்களுக்கு ஒண்ணு. பழைய தேதியோட வித்தியாசத்தை நீங்களே கையால அடிக்காதீங்க, ஊர் பேரைக் கொடுத்துத் தரவுத்தளத்துகிட்ட கேளுங்க. அது போதாத இடத்துல, அங்க வாழ்ந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: "அப்போ உங்க வீட்டுக் கடிகாரம் எந்த நேரத்துல ஓடுச்சு?"

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.