ஆளுமையும் வாகனம் ஓட்டுதலும்

ஆளுமையும் வாகனம் ஓட்டுதலும் என்பது, ஒருவருடைய ஆளுமைக்கும் அவர் சாலையில் வாகனம் ஓட்டும் முறைக்கும் இடையே உள்ள தொடர்புகளைப் பற்றிப் போக்குவரத்து உளவியலில் ஆராயப்படும் ஒரு பொருள் ஆகும். ஓட்டும் பழக்கங்கள், ஓட்டும் திறன், விபத்துக்கு உள்ளாகும் வாய்ப்பு ஆகிய மூன்றும் இதில் தனித்தனியாகக் கவனிக்கப்படுகின்றன. முன்கோபிகள் மோசமாக ஓட்டுவர், அமைதியானவர்கள் நன்றாக ஓட்டுவர் என்பன போன்ற கருத்துகள் மக்களிடையே பரவலாக உள்ளன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நடைபெற்று வரும் ஆய்வுகள் இக்கருத்துகளுக்கு ஓரளவு ஆதரவே தருகின்றன. ஆளுமை, ஓட்டும் திறனைவிட ஓட்டும் பாணியுடனேயே கூடிய தொடர்பு கொண்டுள்ளது என்பதும், அத்தொடர்பு உண்மையானதாயினும் சிறியது என்பதும் இவ்வாய்வுகளிலிருந்து பெறப்படும் முதன்மையான முடிவுகள் ஆகும்.

திறனும் பாணியும்

வாகனம் ஓட்டுவதில் திறன், பாணி என்னும் இரண்டு கூறுகளை உளவியலாளர்கள் வேறுபடுத்துகின்றனர். வாகனத்தைக் கட்டுப்படுத்துதல், வேகத்தையும் தொலைவையும் கணித்தல், வரவிருக்கும் இடரை முன்கூட்டியே கண்டுகொள்ளுதல் என்பன திறனைச் சார்ந்தவை. இவை பயிற்சியாலும் பட்டறிவாலும் வளர்பவை. எந்த வேகத்தில் செல்வது, முன்செல்லும் வாகனத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது முந்துவது, எப்போது ஒலிப்பானை அடிப்பது என்பன பாணியைச் சார்ந்தவை. இவை ஓட்டுநர் தாமே தெரிவு செய்பவை.

எடுத்துக்காட்டாக, மழையில் நனைந்த வளைவு ஒன்றில் வழுக்காமல் வண்டியைத் திருப்ப முடிவது திறன் ஆகும். அவ்வளைவை எந்த வேகத்தில் அணுகுவது என்று முடிவு செய்வது பாணி ஆகும். திறன் மிக்க ஒருவர் அளவுக்கு மீறிய வேகத்தைத் தெரிவு செய்தால், அவருடைய திறன் தரும் பாதுகாப்பை அவருடைய பாணியே இல்லாமற் செய்துவிடக் கூடும்.

வரலாறு

ஒரு சிலர் மட்டும் திரும்பத் திரும்ப விபத்துக்கு உள்ளாவது ஏன் என்னும் கேள்வி முதலில் தொழிற்சாலைகளிலேயே எழுந்தது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நிகழ்ந்த விபத்துகளை மேஜர் கிரீன்வுட், ஹில்டா வுட்ஸ் ஆகியோர் ஆராய்ந்து, 1919 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். விபத்துகள் எல்லாத் தொழிலாளர்களிடையேயும் தற்செயலாகப் பரவியிருந்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிட, ஒரு சிலரிடம் அவை கூடுதலாகக் குவிந்திருப்பதை அவர்கள் கண்டனர். இதன் தொடர்ச்சியாக, 1920களில் எரிக் ஃபார்மர், சேம்பர்ஸ் ஆகிய பிரித்தானிய ஆய்வாளர்கள் "விபத்து நாட்டம்" என்னும் கருத்துருவைப் பரப்பினர்.

கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் உள்ள இலண்டன் நகரத்தின் வாடகைக் கார் ஓட்டுநர்களை டில்மன், ஹாப்ஸ் ஆகிய இருவரும் ஆராய்ந்து, 1949 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அடிக்கடி விபத்துக்கு உள்ளானவர்களையும் விபத்துக் குறைந்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். முதல் வகையினர் நீதிமன்றம், கடன் தகவல் நிறுவனங்கள், சமூகநல அமைப்புகள் போன்றவற்றின் பதிவேடுகளிலும் கூடுதலாக இடம்பெற்றிருந்தனர். ஒருவர் வாழும் விதமே அவர் வாகனம் ஓட்டும் விதத்திலும் வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் முடிவாகும். இம்முடிவு பிற்கால ஆய்வாளர்களால் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

எனினும் விபத்து நாட்டம் என்னும் கருத்து நீண்டகாலம் நிலைக்கவில்லை. ஓர் ஆண்டில் பல விபத்துகளுக்கு உள்ளானவர்களே அடுத்த ஆண்டிலும் அவ்வாறு உள்ளாவதில்லை என்பது தெரியவந்தது. தற்செயலின் பங்கைப் பின்வரும் கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். சமமான பாதுகாப்புடன் ஓட்டும் 1000 ஓட்டுநர்களிடையே ஓர் ஆண்டில் 200 விபத்துகள் முற்றிலும் தற்செயலாக நிகழ்வதாகக் கொள்வோம். பாய்சான் பரவலின்படி ஏறத்தாழ 819 பேருக்கு விபத்து எதுவும் நேராது. 164 பேருக்கு ஒரு விபத்து நேரும். 17 பேருக்கு இரண்டோ அதற்கு மேலோ நேரும். இந்த 17 பேரை "ஆபத்தானவர்கள்" என்று ஒதுக்கினால் அது தவறாகும். ஏனெனில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் இக்கணக்கில் எவ்வித வேறுபாடும் இல்லை.

ஆளுமை வகைகள்

மனிதர்களைச் சில வகைகளாகப் பிரிக்கும் முறைகள் பல உள்ளன. மையர்சு-பிரிக்சு வகைக்காட்டி மக்களை 16 வகைகளாகப் பிரிக்கின்றது. ஆனால் மனிதப் பண்புகள் உயரத்தைப் போலத் தொடர்ச்சியாக மாறுபவை. பெரும்பாலோர் நடுப்பகுதியிலேயே அமைகின்றனர். நடுவே கோடு கிழித்துப் பிரிப்பதால், அதே தேர்வை மீண்டும் எழுதும்போது பலர் வேறு வகைக்குள் வந்துவிடுகின்றனர். இக்காரணத்தால் ஓட்டுநர் பற்றிய ஆய்வுகளில் வகைகளைவிட, அளவிடக்கூடிய பண்புகளே கூடுதலாகப் பயன்படுத்தப்படுகின்றன.

வகைப்பாட்டைப் பயன்படுத்திய ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவுடன் தொடர்புடையது. எப்போதும் நேரநெருக்கடி உணர்வும், போட்டி மனப்பான்மையும், எளிதில் எரிச்சலும் கொண்டவர்களை "ஏ வகை" நடத்தையினர் என்று அமெரிக்க இதயநோய் மருத்துவர்களான பிரீட்மன், ரோசன்மன் ஆகியோர் 1950களில் குறித்தனர். கேரி எவன்சு, பல்சானே, கரேர் ஆகியோர் இந்தியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பேருந்து ஓட்டுநர்களை ஆராய்ந்து 1987 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இரு நாடுகளிலும் ஏ வகை ஓட்டுநர்களுக்கு விபத்துகள் கூடுதலாக இருந்தன. இந்திய ஓட்டுநர்களுள் ஏ வகையினர், மற்றவர்களைவிட அடிக்கடி தடைக்கருவியை அழுத்தியதும், முந்திச் சென்றதும், ஒலிப்பானை அடித்ததும் நேரடியாகக் கவனித்துப் பதிவு செய்யப்பட்டன.

ஆளுமைப் பண்புகள்

தற்கால உளவியலில் பெரிதும் பயன்படும் "ஐந்து பெரும் பண்புகள்" என்னும் முறையில் பொறுப்புணர்வு, இணக்கம், புறமுகத்தன்மை, மனவெழுச்சி நிலையின்மை, புதியவற்றை ஏற்கும் மனப்பாங்கு என்பன அடங்கும். ஷரன் கிளார்க், ஐவன் ராபர்ட்சன் ஆகியோர் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட பகுப்பாய்வில், பொறுப்புணர்வும் இணக்கமும் குறைந்தவர்கள் விபத்துகளில் கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தனர். புறமுகத்தன்மை சாலை விபத்துகளுடன் தொடர்பு காட்டியது. தொழிலிட விபத்துகளுடன் அவ்வாறு காட்டவில்லை.

இவற்றைத் தவிரப் பின்வரும் இரண்டு பண்புகளும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

பரபரப்பு நாட்டம்: புதிய, தீவிரமான அனுபவங்களைத் தேடுவதும் அதற்காக இடரை ஏற்பதும் இப்பண்பாகும். அமெரிக்க உளவியலாளர் மார்வின் சக்கர்மன் இதற்கான அளவுகோலை உருவாக்கினார். கனடாவைச் சேர்ந்த பிரையன் ஜோனா 1997 ஆம் ஆண்டில் இது தொடர்பான 40 ஆய்வுகளைத் தொகுத்தார். அவற்றுள் பெரும்பாலானவை இப்பண்புக்கும் இடர் மிகுந்த ஓட்டுதலுக்கும் இடையே தொடர்பைக் காட்டின. இளைஞர்களிடமும் ஆண்களிடமும் இப்பண்பு பொதுவாக மிகுந்து காணப்படுகிறது.

ஓட்டுநர் கோபம்: பொதுவாகக் கோபப்படும் இயல்பும் வாகனம் ஓட்டும்போது மட்டும் கோபப்படும் இயல்பும் ஒன்றல்ல. ஜெரி டெஃபன்பாக்கரும் உடன் ஆய்வாளர்களும் 1994 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி அளவுகோலை வெளியிட்டனர். மற்றவர்களின் பகைமைச் சைகைகள், காவலர் இருத்தல், மெதுவாகச் செல்லும் வாகனங்கள் போன்ற சூழ்நிலைகள் ஒருவரை எவ்வளவு கோபப்படுத்துகின்றன என்பது இதில் கேட்கப்படுகிறது.

பிழைகளும் மீறல்களும்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரீசன் முதலானோர் 1990 ஆம் ஆண்டில் ஓட்டுநர் நடத்தை வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டனர். இதன் மூலம் ஓட்டுநர்களின் தவறான செயல்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன.

மீறல்கள்: வேக எல்லையைத் தாண்டுதல், முன்வண்டியை நெருங்கித் துரத்துதல் போன்று தெரிந்தே செய்பவை.
ஆபத்தான பிழைகள்: எதிரே வரும் வாகனத்தின் வேகத்தைத் தவறாகக் கணித்தல் போன்று செய்ய எண்ணாமல் நேர்பவை.
கவனக்குறைவுகள்: வண்டியை நிறுத்திய இடத்தை மறத்தல் போன்று பெரும்பாலும் தீங்கற்றவை.

மீறல்களை ஆண்கள் கூடுதலாகவும், தீங்கற்ற கவனக்குறைவுகளைப் பெண்கள் கூடுதலாகவும் தெரிவித்தனர். வயது ஏற ஏற மீறல்கள் குறைந்தன. பிழைகள் அவ்வாறு குறையவில்லை. பிழை என்பது காணுதல், கணித்தல் ஆகியவற்றின் குறை. மீறல் என்பது மனப்பாங்கின் விளைவு. ஆகவே ஆளுமையின் செல்வாக்கு மீறல்களிலேயே தெளிவாகத் தென்படுகிறது.

திறன் கூடினால் பாதுகாப்புக் கூடுமா?

அமெரிக்காவில் பந்தயக் கார் ஓட்டும் உரிமம் பெற்றவர்களின் சாலைப் பதிவேடுகளை வில்லியம்ஸ், ஓநீல் ஆகியோர் ஆராய்ந்து 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சராசரி ஓட்டுநரைவிடத் திறன் மிக்கவர்களான இவர்களுக்கு, பொதுச் சாலையில் வேகமீறல் குற்றங்களும் விபத்துகளும் பொதுவாகக் கூடுதலாகவே இருந்தன. நோர்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சி கட்டாயமாக்கப்பட்ட பின்னர், இளம் ஆண் ஓட்டுநர்களின் வழுக்குச்சாலை விபத்துகள் குறைவதற்கு மாறாகக் கூடின. பயிற்சி தந்த திறனைவிட, அது தந்த தன்னம்பிக்கை மிகுதியாக இருந்ததே இதற்குக் காரணம் என்று விளக்கப்படுகிறது.

தம் திறனைத் தாமே மதிப்பிடுவதில் மனிதர்கள் பெரிதும் தவறுகின்றனர். ஓலா சுவென்சன் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களுள் 93 விழுக்காட்டினரும் சுவீடிய மாணவர்களுள் 69 விழுக்காட்டினரும், தம் குழுவில் திறன் மிகுந்த மேற்பாதியில் தாம் இருப்பதாகக் கூறினர். மேற்பாதியில் 50 விழுக்காட்டினருக்கு மேல் இருக்க இயலாது.

விமர்சனங்கள்

இத்துறையின் ஆய்வுகள் பல, வினாக்கொத்துகளுக்கு ஓட்டுநர்கள் தாமே அளிக்கும் விடைகளைச் சார்ந்துள்ளன. தம் ஆளுமையையும் தம் விபத்துகளையும் ஒரே நபர் ஒரே தாளில் எழுதும்போது, இரண்டுக்கும் இடையே தோன்றும் தொடர்பின் ஒரு பகுதி, அவர் விடையளிக்கும் பழக்கத்தால் விளைந்ததாக இருக்கலாம்.

தொடர்பின் அளவும் கவனிக்கத் தக்கது. ஓட்டுநர் நடத்தை வினாக்கொத்தைப் பயன்படுத்திய 174 ஆய்வுகளை டி விண்டர், டோடூ ஆகியோர் 2010 ஆம் ஆண்டில் பகுத்தாய்ந்தனர். மீறல்களுக்கும் ஓட்டுநர் தெரிவித்த விபத்துகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.13 ஆகவும், பிழைகளுக்கு அது 0.10 ஆகவும் இருந்தன. 0.13 இன் வர்க்கம் ஏறத்தாழ 0.017 ஆகும். அதாவது, விபத்து எண்ணிக்கையில் ஓட்டுநர்களிடையே காணப்படும் வேறுபாட்டில் 2 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியையே இது விளக்குகிறது. நேரடியாக விதியை மீறும் நடத்தையின் நிலையே இதுவாயின், அந்நடத்தைக்கும் பின்னால் நிற்கும் ஆளுமையைக் கொண்டு விபத்தை முன்கூட்டிக் கூறுவது மேலும் கடினமாகும்.

ஓட்டும் தொலைவு, இரவுநேரப் பயணம், களைப்பு, மது, சாலையின் அமைப்பு, தொழில்முறை ஓட்டுநர்களின் வேலைநேரமும் கால அட்டவணையும் ஆகியனவும் விபத்துக்குக் காரணமாகின்றன. இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் எல்லாவற்றையும் ஓட்டுநரின் குணத்தின் மீது சுமத்துவது, திருத்தக்கூடிய காரணங்களை மறைத்துவிடும்.

நடைமுறைப் பயன்

இவ்வாறான சிறிய தொடர்பு, மக்கள் தொகுதி ஒன்றைப் பற்றித் திட்டமிட உதவும். தனியொருவரைப் பற்றித் தீர்ப்புக் கூற உதவாது. ஆளுமைத் தேர்வை மட்டும் கொண்டு ஒருவருக்கு ஓட்டுநர் வேலையை மறுத்தால், ஒருபோதும் விபத்துக்கு உள்ளாகாத பலரும் வேலையிழக்க நேரும். விபத்துக்கு உள்ளாகப் போகும் பலர் தேர்ச்சி பெறுவர்.

இளம் ஓட்டுநர்களின் இடர் நாட்டத்தைக் கருத்திற் கொண்டு, நியூசிலாந்து 1987 ஆம் ஆண்டில் படிப்படியான உரிமம் வழங்கும் முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறையில் இரவில் ஓட்டுவதும் உடன்பயணிகளை ஏற்றுவதும் தொடக்கக் காலத்தில் கட்டுப்படுத்தப்படுகின்றன. பின்னர் வேறு பல நாடுகளும் இதைப் பின்பற்றின. இஸ்ரேலில் தாவ்மன்-பென்-ஆரி முதலானோர் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாக்கொத்து, பொறுப்பற்ற பாணி, பதற்றப் பாணி, கோபப் பாணி, பொறுமையான பாணி என நான்கு பாணிகளைப் பிரித்துக் காட்டுகிறது. இத்தகைய கருவிகள், ஓட்டுநர் தம் பாணியைத் தாமே அறிந்து மாற்றிக்கொள்ள உதவக்கூடியவை.

சுவீடன் நாடாளுமன்றம் 1997 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட "சுழிய நோக்கு" என்னும் கொள்கை, மனிதர் தவறு செய்வர் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. தவறு நேர்ந்தாலும் உயிரிழப்பு நேராதவாறு சாலைகளையும் வேக எல்லைகளையும் அமைக்க வேண்டும் என்று இது கூறுகின்றது. ஆளுமையை மாற்றுவது கடினம். வேகத்தடை, நடுத்தடுப்பு, இருக்கைப்பட்டி ஆகியன எல்லா ஆளுமையினரையும் ஒன்றுபோலவே காக்கின்றன.

இவற்றையும் பார்க்கவும்

ஆளுமை உளவியல்
சாலைப் பாதுகாப்பு
போக்குவரத்து விதிகள்
ஒட்டுறவு
பாய்சான் பரவல்