ஓர் உபவாக்கியமும் ஒரு கோட்டையும்

கடற்கோட்டை என்றதும் செங்குத்தான பாறையும் அடியில் சீறும் அலையும் நம் கண்முன் வரும். திருகோணமலைக்கு அது பொருந்தும். மட்டக்களப்புக் கோட்டையோ புளியந்தீவில், வாவியோரச் சமதரையில் கிடக்கிறது. கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து நடந்தே போகலாம். 1924இல் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் அமைந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. நான் பழையதன் வழியாகவே நடந்தேன்.

இருபுறம் வாவி, இருபுறம் அகழி, நான்கு மூலையிலும் கொத்தளங்கள். வாயிலில் ஒல்லாந்துக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை. தமிழன் அதை வாசித்தால் கப்பலோட்டிய வ.உ.சி.யின் ஞாபகம் வராமற் போகாது. அவர் எதிர்த்ததும் ஒரு கப்பற் கம்பனியைத்தானே!

கோட்டையை முதலில் எழுப்பியோர் போர்த்துக்கேயர், ஆண்டு 1628. அதற்கு முன்பே ஒல்லாந்தர் இக்கரைக்கு வந்துவிட்டனர். 1602இல் ஸ்பில்பேர்கன் இங்கு இறங்கிக் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். மறுவருடம் வந்த டி வேர்ட், பிடிபட்ட போர்த்துக்கேயரை விடுவித்து மன்னனின் சினத்துக்கு ஆளாகி, தன் ஆட்களுடன் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டான். முதல் நட்பின் ஆயுள் அவ்வளவுதான்.

இருந்தும் இரண்டாம் இராசசிங்கன் அவர்களையே அழைத்தான். 1638 மே 18இல் வெஸ்டர்வோல்டின் பீரங்கிகளுக்குக் கோட்டை பணிந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், இதே மண்ணில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. போர்ச் செலவை மன்னன் கறுவா முதலிய பண்டங்களால் ஈடுசெய்வான். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்துப் படை நிற்கும். நிற்கலாம், ஆனால் மன்னன் விரும்பினால் மட்டும். மன்னனிடம் இருந்த பிரதியில் இந்த நிபந்தனை உண்டு. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் இல்லை!

முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்தித் தாள்களில் உழைத்தவன் நான். ஒரு சொல் விடுபட்டால் மறுநாள் திருத்தம் போடுவோம். இங்கே விடுபட்டதோ ஒரு கரையோரத்தின் உரிமை. எழுத்தரின் கைப்பிழை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மட்டக்களப்பையும் திருகோணமலையையும் மன்னனிடம் கொடுத்தார்கள். 1640இல் பிடித்த காலியைக் கொடுக்கவில்லை. காரணம் கேட்பானேன்? கறுவா விளைவது மேற்கிலும் தெற்கிலும். 1660களில் கிழக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் இதைச் சொல்வர்.

1795இல் பிரித்தானியர் வந்தனர். பின்னர் நெடுங்காலம் கோட்டைக்குள் கச்சேரி இயங்கியது. காணி உறுதியும் ஓய்வூதியமும் தேடிப் படியேறிய எம்மவர் எத்தனை பேர்! நிபந்தனை எழுதப்பட்ட தாளொன்று எவ்வளவு பெறும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

கொத்தளத்தின் மேலேறி நின்றேன். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடங்களில் வேர்கள் இறங்கியிருந்தன. பீரங்கிகள் இன்றும் வாவியைப் பார்த்தபடியே கிடக்கின்றன.