காப்புப் பத்திரத்தின் முதல் நிபந்தனை: விளக்கவுரை

வாகனக் காப்புப் பத்திரத்து நிபந்தனைகளுள் முதலாவது தலையாயது. அதன் பிற்பகுதி, களவு நேர்ந்தவழி உடையவர் செய்யற்பாலதை உணர்த்துகின்றது. அதன் பொருள் தமிழில் வருமாறு:

இக்காப்பின்கீழ்க் கோரத்தக்க களவோ குற்றச் செயலோ நேரின், காப்புடையார் போலீசுக்கு உடனே அறிவித்து, குற்றவாளி தண்டனை பெறுதற்குக் கம்பெனியோடு ஒத்துழைத்தல் வேண்டும்.

களவோ குற்றச் செயலோ நேரின்: களவு, பிறர் உடைமையை இசைவின்றிக் கவர்தல். 'குற்றச் செயல்' என வேறு கூறியது என்னையெனின், கார் போகாது பழுது மட்டும் எஞ்சிய நிலையையும் அடக்குதற்கு என்க. திருமுருகன்பூண்டியில் பனியன் கம்பெனி நைட் ஷிப்ட் முடித்து வருபவர், கண்ணாடித் தூள் சீட்டிற் சிதறியும், ஸ்டியரிங்கின்கீழ் ஒயர்கள் பிடுங்கப்பட்டுத் தொங்கியும் காண்பாராயின், அது களவு முயற்சி. பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவு களவுக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்க, 62ஆம் பிரிவு முயற்சிக்கு அதிற் பாதி வரை விதிக்கும். உடைத்தமை 324ஆம் பிரிவின்பாற்படும். சேதம் 20,000 ரூபாயை எட்டின் தண்டனை மிகும். ஆகலின், போலீசுக்குத் தரும் மனுவிற் சேத மதிப்பையும் குறித்தல் வேண்டும் என்பது பெற்றாம்.

கோரத்தக்க: 'கோரிய' என்னாது 'கோரத்தக்க' என்றமை நோக்குக. கோரினால் நோ கிளெய்ம் போனஸ் போகும். சிறு பழுதாயின் கைப்பணம் கொடுத்துச் சரிசெய்தல் இலாபமாதலும் உண்டு. அம்முடிவு பின்னர் எடுக்கலாம். முறையீடு முன்னரே வேண்டும் என்றவாறு. மூன்றாம் நபர் காப்பு மட்டும் உடையார்க்குத் தம் காரின் பழுது கோரத்தக்கதன்று.

போலீசுக்கு உடனே அறிவித்து: 'உடனே' என்றது, தடயம் அழியுமுன் என்னும் குறிப்பிற்று. காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது மனு ஏற்றமைக்கே சான்று, எஃப்.ஐ.ஆர். நகலையும் கேட்டுப் பெறுக. கம்பெனிக்குக் காலந்தாழ்த்து அறிவித்தால் கோரிக்கை கெடுமோ எனின், டிராக்டர் களவுபோன குர்ஷிந்தர் சிங் வழக்கில், 2020இல், உச்ச நீதிமன்றம் இந்நிபந்தனையையே சொற்சொல்லாக ஆய்ந்து, போலீசுக்கு உடனே அறிவித்திருப்பின் அத்தாழ்வு ஒன்றே மறுத்தற்குக் காரணமாகாது எனத் தெளிவித்தது. அதுகொண்டு தாழ்த்தலாம் எனக் கொள்ளற்க.

ஒத்துழைத்தல் வேண்டும்: சர்வேயர் காணுமுன் கண்ணாடியைக் கூட்டாமையும், ஒர்க்‌ஷாப்பிற் பூட்டை மாற்றாமையும் ஒத்துழைப்பே. நாற்புறமும் படம் எடுத்து வைக்க. சர்வேயர் இழப்பைக் கணிக்குங்கால், கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகட்குப் பாதி கழியும். கழிவில்லாக் காப்பு தனியே எடுத்தார்க்கு இக்கழிவு நேராது.

முறையீட்டை முற்படுத்தும் இவ்வொழுங்கிற்கு மேற்கூறிய திருமுருகன்பூண்டியே சான்று. சேரமான் பெருமாள் அளித்த பொருளோடு மீண்ட சுந்தரர், பூண்டியில் வேடர் வடிவில் வந்த பூதகணங்களிடம் அதனைப் பறிகொடுத்தார் எனப் பெரியபுராணம் கூறும். அவர் இழப்பை எண்ணி வாளா இருந்திலர். அவ்வூர்க் கோயிலிற் புக்கு முறையிட்டார். பின்னரே பொருள் மீண்டது. முறையீடு முந்துக, பழுதுபார்த்தல் பிந்துக என்பதே இந்நிபந்தனையின் கருத்து.