கல்லீரல் மாதிரி ஓர் இலை

வால்நட்டை உடைத்துப் பாருங்கள். உள்ளே குட்டியாக ஒரு மூளை! ‘அதனாலதான் அது மூளைக்கு நல்லது’ என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த லாஜிக் புதுசல்ல. இதை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய வியாபாரமே நடந்திருக்கிறது.

ஹெபாடிகா என்றொரு காட்டுப்பூ. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்காவின் குளிர்ப்பிரதேசச் செடி. பனிக்காலம் முடிகிற நேரத்தில், மரங்கள் துளிர்ப்பதற்குள் அவசர அவசரமாகப் பூத்துவிடும். பின்னே? மரம் இலை விட்டுவிட்டால் தரைக்கு ஏது வெயில்?

வம்பு வந்தது பூவால் அல்ல, இலையால். மூன்று மடல். குளிர்காலம் முழுக்க உதிராமல் கிடந்து பழுப்பும் ஊதாவுமாக நிறம் மாறும். பார்த்தவர்களுக்குக் கல்லீரல் ஞாபகம் வந்தது. கிரேக்க மொழியில் ‘ஹெபார்’ என்றால் கல்லீரல். ‘ஹெபடைடிஸ்’ என்கிறோமே, அதற்கும் இதுதான் வேர்ச்சொல்.

எந்த மூலிகை எந்த உறுப்புக்கு என்பதற்கு அதன் உருவத்திலேயே அடையாளம் இருக்கிறது என்றொரு நம்பிக்கை ஐரோப்பாவில் உண்டு. 16-ம் நூற்றாண்டில் அதற்கு வலு சேர்த்தவர் பாராசெல்சஸ் என்கிற சுவிஸ் மருத்துவர். கல்லீரல் மாதிரி இலையா? அப்படியானால் கல்லீரலுக்கு மருந்து. தீர்ந்தது விஷயம்!

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் தலைவலியா, அஜீரணமா, அசதியா? பழி கல்லீரல் மேல்தான். கடை கடையாக லிவர் டானிக். 1883-ம் வருடம் மட்டும் 4,50,000 பவுண்டு காய்ந்த ஹெபாடிகா இலை செலவானது. சுமார் 200 டன்! காய்ந்த இலை எவ்வளவு லேசு? எத்தனை செடிகளின் இலை போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பலன்? கல்லீரலுக்கு நல்லது என்று இன்றுவரை நிரூபணம் இல்லை. பச்சை இலை தோலில் பட்டால் எரிச்சல் வேறு. பிறகு எப்படி விற்றது? அஜீரணமும் அசதியும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பெயர் பாட்டிலுக்கு! போதாக்குறைக்கு, மருந்து லேபிளில் பொய் சொல்லக்கூடாது என்று அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் வந்ததே 1906-ல்தான்.

இலை மோகம் ஓய்ந்தது. ‘லிவர்’ என்ற வார்த்தைக்கு மட்டும் மவுசு குறையவில்லை. 1868-ல் வந்த ‘கார்ட்டர்ஸ் லிட்டில் லிவர் பில்ஸ்’ இந்த இலையில் செய்ததல்ல. உண்மையில் பேதி மாத்திரை. பெயரிலிருந்து ‘லிவர்’ என்பதை எடுக்கச் சொல்லி அரசாங்கம் 1943-ல் ஆரம்பித்த வழக்கு, முடிய 1959 ஆனது. ஒரே ஒரு வார்த்தையை நீக்க பதினாறு வருடம்!

அடுத்த முறை உங்கள் செல்போனுக்கு ‘சிறுநீரகம் போலவே இருக்கும் காய்’ என்று ஏதாவது வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் அந்த 200 டன் இலையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.